பதினேழாயிரம் தீவுகளின் நம்பிக்கை – 6: பட்டியலில் ஓர் இடம்

குடியரசு அறிவிக்கப்பட்ட மறுநாளான 1945 ஆகஸ்ட் 18 அன்று, இந்தோனேசிய அரசியலமைப்பின் முகவுரையில் இருந்த ‘இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் ஷரியத் நெறிப்படி நடக்கும் கடமையுடன்’ என்னும் தொடர் நீக்கப்பட்ட விதத்தைச் சென்ற பகுதி விவரித்தது. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் புதிய நாட்டில் சேராமல் போகக்கூடும் என்ற எச்சரிக்கை முந்தைய மாலையே விடுதலைத் தலைவர்களுள் ஒருவரான முகம்மது ஹத்தாவை எட்டியிருந்தது. மறுநாள் காலையில் முஸ்லிம் தலைவர்கள் சிலரைத் தனியே அழைத்துப் பேசி, கால் மணி நேரத்துக்குள் அவர்களை இணங்க வைத்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

அந்தத் தொடர் நீங்கியபின் எஞ்சி நின்றது, நிகரற்ற ஒரே இறைவன் மீதான நம்பிக்கை என்னும் கோட்பாடு. நாட்டின் அடிப்படைகளாக முதல் குடியரசுத் தலைவர் சுகார்னோ முன்வைத்த ‘பஞ்சசீலா’ என்னும் ஐந்து கொள்கைகளில் அதுவே முதலாவதாக அமைந்தது. கிறிஸ்தவர்களுக்கு அதில் இடரேதும் இல்லை. எண்ணற்ற தெய்வங்களுக்கும் முன்னோருக்கும் மலைகளுக்கும் நீர்ச்சுனைகளுக்கும் படையல் இட்டு வாழ்ந்த மக்களுக்கு அந்த ஒற்றை வரி என்ன பொருள் தரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

கேட்க முயன்றவர் ஒருவர் உண்டு என்றும் சொல்லலாம். அரசியலமைப்பை ஏற்க அன்று கூடிய அவையில் பாலித் தீவின் சார்பில் அமர்ந்திருந்த இ குஸ்தி கெதுத் பூஜா, முகவுரையில் வரும் ‘அல்லாஹ்’ என்ற சொல்லுக்குப் பதிலாக எல்லா மதத்தாருக்கும் பொதுவான ‘துஹான்’, அதாவது இறைவன், என்ற சொல் இருக்கட்டும் என்றார். அவை அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் அச்சில் வந்த அரசியலமைப்பில் இன்றளவும் பழைய சொல்லே நிற்கிறது. இதைச் சூழ்ச்சி என்று கொள்வதைவிட, நாடு ஒன்றை ஒரே நாளில் எழுதி முடிக்கும் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று கொள்வதே பொருந்தும். ஆயினும் பாலியின் குரல் ஜகார்த்தாவில் செவிக்கு எட்டியும் ஏட்டில் ஏறாமல் போனது அந்த ஒரு முறையோடு நின்றுவிடவில்லை.

அமைச்சகத்தின் அளவுகோல்

அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு இரண்டே வாக்கியங்களால் ஆனது. அரசு ஒரே இறைவன் மீதான நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது என்பது முதல் வாக்கியம். ஒவ்வொருவரும் தத்தம் மதத்தைத் தழுவவும் அம்மதத்தின்படி வழிபடவும் உள்ள சுதந்திரத்துக்கு அரசு உறுதியளிக்கிறது என்பது இரண்டாவது. மதம் என்பது எது என்ற வரையறை இரண்டிலும் இல்லை.

வரையறுக்கும் வேலையை ஓர் அலுவலகம் எடுத்துக்கொண்டது. 1946 ஜனவரி 3 அன்று தொடங்கப்பட்ட மத அமைச்சகம், ஷரியத் தொடரை விட்டுக்கொடுத்த முஸ்லிம் தலைவர்களின் ஏமாற்றத்தைத் தணிக்கும் ஈடாகவே உருவாயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகின்றனர். திருமணப் பதிவு, ஹஜ் பயண ஏற்பாடு, மதக்கல்வி ஆகியவை அதன் முதன்மைப் பணிகள். புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கப் பிரிவினருக்கு அதனுள் தனித்தனித் துறைகள் தரப்பட்டன. நிதியும் ஆசிரியர்களும் அலுவலர்களும் துறை வழியாகவே வந்து சேர்ந்ததால், துறை இல்லாத நம்பிக்கைக்கு அரசின் கண்ணில் உருவமே இல்லாமல் போயிற்று.

இந்தோனேசிய வழக்கில் ‘அகாமா’ என்றால் அரசு ஏற்கும் மதம். ‘அடாட்’ என்றால் ஊர் வழமை. இரண்டுக்கும் இடையில் ‘கெபெர்சயான்’, அதாவது வெறும் நம்பிக்கை, என்றொரு வகை உண்டு. இறைத்தூதர் ஒருவர், மறைநூல் ஒன்று, நாட்டுக்கு வெளியிலும் பரவிய ஏற்பு ஆகியவை உள்ளதே அகாமா என்ற கருத்து 1950-களின் தொடக்கத்தில் அமைச்சக வட்டாரத்தில் வலுப்பெற்றது. எதிர்ப்பினால் அது சட்ட வடிவம் பெறவில்லை என்றாலும், நடைமுறையில் அளவுகோலாக நிலைத்துவிட்டது.

அந்த அளவுகோலின்படி, 1961 கணக்கெடுப்பில் 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பாலியின் பெரும்பான்மை மக்கள் ‘இன்னும் மதம் பெறாதவர்கள்’. இந்த ‘இன்னும்’ வெறும் அலுவலகச் சொல்லாக நின்றிருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மதம் இல்லாதவர்களை மதத்துக்குள் கொண்டுவருவது நற்பணி என்று இஸ்லாமிய அழைப்புப் பணியாளரும் கிறிஸ்தவ மறைபரப்பாளரும் ஒருசேர நம்பிய நாட்டில், அது பாலி மக்கள் அனைவரையும் மதமாற்றத்துக்குத் திறந்து வைத்த வகைப்பாடாக இருந்தது.

அப்போது அமைச்சர் பொறுப்பில் 1949 முதல் 1952 வரை இருந்தவர், நஹ்தத்துல் உலமா என்னும் மார்க்க அறிஞர் பேரமைப்பின் தலைவர்களுள் ஒருவரான வாஹித் ஹஷிம். 1945 ஆகஸ்ட் 18 காலையில் விட்டுக்கொடுக்க இணங்கியவர்களுள் ஒருவராக ஹத்தா குறிப்பிட்ட அதே மனிதர் அவர் என்பதை நினைவிற்கொண்டால், பாலியின் சிக்கலைத் தனிமனிதரின் குறுகிய மனப்பான்மையாகச் சுருக்கிவிட முடியாது. சிக்கல் அமைப்பிலேயே இருந்தது.

ஓலையும் தீர்த்தமும்

பாலியில் சமயம் என்று ஒன்றைத் தனியே பிரித்துக் காட்டுவது எளிதன்று. ஊர் தோன்றிய மூலத்துக்கு ஒரு கோயில், ஊர்ச்சபைக்கு ஒரு கோயில், சுடுகாட்டை ஒட்டி மரணத்துக்கு ஒரு கோயில் என ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது மூன்று கோயில்கள் உண்டு. வீட்டு முற்றத்தில் முன்னோர்க்குரிய சிறு சன்னதிகள் உண்டு. 210 நாள்கள் கொண்ட ஆண்டுக்கணக்கின்படி பெரும்பாலான கோயில்களுக்குத் திருவிழா வரும். விழா நாளில் தெய்வங்கள் இறங்கி வருவதாகவும், முடிந்ததும் திரும்பிச் செல்வதாகவும் நம்பிக்கை. மற்ற நாள்களில் கோயிலில் மூலவர் என்று யாரும் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை.

‘பெடண்டா’ எனப்படும் அந்தணக் குரு விடியற்காலையில் தம் வீட்டு மேடையில் கிழக்கு நோக்கி அமர்ந்து, மணியை ஒலித்து, விரல்களால் முத்திரைகள் காட்டி, பூவும் அரிசியும் தூவி, சிவனைச் சூரிய வடிவில் தம்முள் எழுந்தருளச் செய்து, பாத்திரத்து நீரைத் தீர்த்தமாக்குகிறார். அவர் முணுமுணுக்கும் வடமொழி மந்திரங்கள் சுற்றியிருப்போருக்குக் கேட்க வேண்டும் என்பதில்லை. சுற்றி எவரும் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மக்களுக்கு வேண்டியது அந்தத் தீர்த்தம். அதைப் பெற்றுச் சென்றால் திருமணமும் நடக்கும், இறுதிச் சடங்கும் நடக்கும். பாலியினர் தங்கள் நெறியைத் ‘தீர்த்த மதம்’ என்று அழைத்ததும் உண்டு.

நூல்கள் இல்லாமல் இல்லை. பனையோலையில் சிறு கத்தியின் நுனியால் எழுத்தைக் கீறி, கரித்த கெமிரிக் கொட்டையின் மையைத் தடவித் துடைத்து எழுதப்பட்ட ‘லொந்தார்’ சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைத் திரட்டிப் பேண சிங்கராஜா நகரில் 1928-இல் டச்சு ஆட்சியின்போதே ஒரு நூலகம் நிறுவப்பட்டது. ஆனால் சுவடி என்பது எவரும் எடுத்துப் புரட்டும் பொருளன்று. தகுதியற்றவர் படித்தால் தீங்கு நேரும் என்று கருதப்பட்டது. அமைச்சகம் கேட்ட மறைநூல், எல்லோர் கையிலும் இருக்கும் ஒற்றைப் புத்தகம். பாலியிடம் இருந்ததோ, பெட்டிகளில் பூட்டி வழிபடப்படும் பல நூறு நூல்கள்.

பழைய வழக்கு, புதிய நீதிமன்றம்

தங்கள் நெறி எது என்ற கேள்வியைப் பாலியினர் முதன்முதலில் எதிர்கொண்டது குடியரசில் அன்று. 1920-களில் சிங்கராஜாவிலிருந்து வெளிவந்த இரண்டு இதழ்கள் அதை உரக்க விவாதித்திருந்தன. ‘திரிவம்சம்’ எனப்பட்ட மேல் மூன்று வருணத்தாரின் பக்கம் ‘பாலி அத்ஞான’ நின்றது. ‘ஜபா’ எனப்பட்ட பொதுமக்களுள் படித்தவர்களின் பக்கம் ‘சூர்ய காந்தா’ நின்றது. வழமையும் சமயமும் ஒன்றே என்றது முதல் தரப்பு. இரண்டையும் பிரித்து, சமயத்தின் சாரத்தைக் கல்வியின் வழியே எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்றது இரண்டாம் தரப்பு. இரண்டாம் தரப்பினருக்கு உள்நோக்கமும் இருந்தது: வழமையிலிருந்து சமயம் பிரிந்தால், பிறப்பால் வரும் உயர்வும் வழமையோடு போய்விடும்.

ஆகவே 1950-களில் ஜகார்த்தாவின் அழுத்தம் வந்தபோது, சமயத்தைச் சீர்திருத்த விரும்பிய பாலியினருக்கு அது ஒரு வகையில் கைகொடுத்தது. சிறுபான்மையின் உரிமைப் போராட்டங்களைப் பேசும்போது, வெளியிலிருந்து வரும் நெருக்கடி உள்ளே நடக்கும் வழக்கில் ஒரு தரப்புக்குச் சாட்சியாகிவிடும் இந்த நிலை போதிய அளவு கவனிக்கப்படுவதில்லை.

துணைக்கு இந்தியாவும் வந்தது. இரவீந்திரநாத் தாகூர் 1927-இல் பாலிக்கு வந்து சென்றது பழைய நினைவு. விடுதலைக்குப் பின் பாலி இளைஞர்கள் சிலர் சாந்திநிகேதனுக்கும் காசிக்கும் படிக்கச் சென்றனர். அவர்களுள் ஒருவரான இடா பாகுஸ் மந்த்ரா பிற்காலத்தில் பாலியின் ஆளுநரானார். இந்தியாவிலிருந்து பாலிக்கு வந்து தங்கிய நரேந்திர தேவ் பண்டித சாஸ்திரி, இ குஸ்தி பாகுஸ் சுக்ரீவா முதலிய உள்ளூர் அறிஞர்களோடு சேர்ந்து பாடநூல்களும் கையேடுகளும் எழுதினார். காயத்திரி மந்திரத்தில் தொடங்கி நாளுக்கு மூன்று வேளை சொல்லத்தக்கதாக அமைந்த ‘திரிசந்த்யா’ என்னும் பொதுத் தொழுகை அவ்வாறு பரவியதே. பெடண்டாவின் முணுமுணுப்பு ஒலித்த இடத்தில், பள்ளிக் குழந்தைகள் ஒரே குரலில் ஓதும் வழிபாடு மெல்ல இடம்பிடித்தது.

தெய்வங்களின் திரளுக்கு மேலே ‘சங் ஹியாங் விதி’ என்னும் பரம்பொருள் நிறுத்தப்பட்டது. பரம்பொருள், ஆன்மா, வினைப்பயன், மறுபிறப்பு, வீடுபேறு என்ற ஐந்தும் ‘பஞ்ச சிரத்தா’, அதாவது ஐந்து நம்பிக்கைகள், என்று தொகுக்கப்பட்டன. இந்தப் பரம்பொருள் அரசுக்காகப் புனையப்பட்டது என்று சில ஆய்வாளர் கூறுவது மிகை. பெயரும் கருத்தும் சுவடிகளில் முன்பே உள்ளவை. அன்றாட வழிபாட்டில் பெரிதாக அழைக்கப்படாதிருந்த ஒரு பெயர், இப்போது விண்ணப்பத்தின் முதல் வரிக்கு வந்தது என்பதே சரி.

1958 ஜூன்

ஆண்டுக்கணக்கில் நீண்ட கடிதப் போக்குவரத்துக்கு ஜகார்த்தாவிலிருந்து தெளிவான விடை வரவில்லை. பாலியின் உள்ளூர் ஆட்சி தானே ஒரு சமய அலுவலகத்தைத் தன் செலவில் நடத்தி வந்தது. இந்நிலையில் 1958 ஜூன் மாதத்தில், தமக்குள் பல விதங்களில் முரண்பட்டுக் கிடந்த பாலியின் சமய அமைப்புகள் ஒன்றுகூடி ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிட்டன. இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் இருப்பதுபோல் ‘இந்து பாலி’ மதத்துக்கும் மத அமைச்சகத்தில் ஒரு துறை வேண்டும் என்பது கோரிக்கை. பஞ்சசீலாவும் 29-ஆம் பிரிவும் அதன் ஆதாரம்.

சலுகை கேட்கும் தொனி விண்ணப்பத்தின் அடிப்படையிலேயே இல்லை. பஞ்சசீலாவின் முதல் கொள்கையை நாங்களும் நிறைவு செய்கிறோம், ஆகவே அரசியலமைப்பு தரும் உறுதி எங்களுக்கும் உரியது என்பதே அதன் வாதம். அரசின் அளவுகோலை மறுத்து நிற்பதற்குப் பதிலாக, அதே கோலால் தங்களை அளந்து காட்டுவது என்று பாலியினர் தீர்மானித்துவிட்டனர். தொடரும் காலமெல்லாம் விளைவுகளைச் சுமந்த தீர்மானம் அதுவே.

ஜூன் 29 அன்று தூதுக்குழு அமைச்சகத்துக்குச் செல்லாமல் நேரே சுகார்னோவிடம் சென்றது. அவர் அப்போது தம்பாக்சிரிங் மாளிகையில் இருந்தார். முந்தைய ஆண்டுதான் கட்டத் தொடங்கியிருந்த அந்த மாளிகை ஒரு குன்றின்மேல் நிற்கிறது; அதன் காலடியில் தீர்த்த எம்புல் கோயில், அதன் நடுவே மணலைக் கிளப்பியபடி ஊறும் சுனை, சுனைநீர் வழியும் கல்தூம்புகளின் வரிசை, ஒவ்வொரு தூம்பின் கீழும் தலைகுனிந்து முறைவைத்து நீராடும் மக்கள். மதம் இல்லாதவர்கள் என்று ஏட்டில் எழுதப்பட்டவர்களின் வழிபாடு, குடியரசுத் தலைவரின் மாளிகையிலிருந்து பார்த்தாலே தெரியும் தொலைவில் நடந்துகொண்டிருந்தது.

சுகார்னோவின் தாய் இடா ஆயு நியோமன் ராய், சிங்கராஜாவைச் சேர்ந்த பாலி அந்தணக் குடும்பத்துப் பெண். இந்த உறவே காரியத்தை முடித்தது என்று கதையாகச் சொல்லப்படுவதுண்டு. அரசியலும் அதற்கு இணையாகவேனும் வேலை செய்திருக்க வேண்டும். 1955 பொதுத்தேர்தலில் சுகார்னோவின் பக்கம் நின்ற தேசியக் கட்சிக்குப் பாலியில் முதலிடம் கிடைத்திருந்தது. 1958 பிப்ரவரியில் சுமாத்திராவில் எதிர் அரசு ஒன்று அறிவிக்கப்பட்டது. சுலாவெசியிலும் கிளர்ச்சி நடந்தது. இஸ்லாமிய அரசு கேட்டு மேற்கு ஜாவாவில் 1949 முதல் ஆயுதப் போர் ஓயவில்லை. பண்டுங் நகரில் கூடிய அரசியலமைப்பு அவை, நாட்டின் அடிப்படை பஞ்சசீலாவா இஸ்லாமா என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. பஞ்சசீலா எல்லோரையும் உள்ளடக்கும் என்று மேடைதோறும் முழங்கிய ஒருவர், அதை மெய்யென்று நம்பி வாசலில் வந்து நிற்கும் மக்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப முடியாத வேளை அது.

1958 செப்டம்பரில் மத அமைச்சகத்தில் இந்து பாலித் துறைக்கான ஆணை பிறந்தது; 1959 தொடக்கத்திலிருந்து அது இயங்கியது. அப்போதைய அமைச்சர் முகம்மது இலியாஸும் நஹ்தத்துல் உலமாவைச் சேர்ந்தவரே. இடையில், ஆகஸ்ட் 14 அன்று, பாலி தனி மாகாணமும் ஆகியிருந்தது.

வென்றதும் கொடுத்ததும்

துறை கிடைத்ததும் அடுத்த கேள்வி எழுந்தது: அமைச்சகம் யாரோடு பேசுவது? ஆயிரக்கணக்கான கோயில்களுக்கும் நூற்றுக்கணக்கான பெடண்டா குடும்பங்களுக்கும் பொதுவான தலைமை எதுவும் அதுவரை பாலியில் இருந்ததில்லை. 1959 பிப்ரவரி 23 அன்று டென்பசாரில் ‘பரிசத தர்ம ஹிந்து பாலி’ என்னும் பேரவை தோற்றுவிக்கப்பட்டது. 1961 நவம்பரில் உபுட் அருகே சம்புவானில் கூடிய அதன் மாநாடு, சமயத்துக்கு ஆற்றும் தர்மம், அரசுக்கு ஆற்றும் தர்மம் என்று கடமைகளை இரண்டாக வகுத்து ஒரு சாசனம் வெளியிட்டது. ஊர் வழமையே எல்லாமாக இருந்த தீவில், எது இந்து நெறி, எது அல்ல என்று தீர்ப்புச் சொல்லும் அமைப்பொன்று முதன்முறையாக உருவாகிவிட்டது.

இதை இழப்பு என்று மட்டும் கணக்கிடுவது நேர்மையாகாது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் தங்கள் சமயம் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஒரு பாலிப் பெற்றோர் கேட்க, இப்போது இடமிருந்தது. 1963-இல் டென்பசாரில் இந்து தர்மக் கல்வி நிறுவனம் ஒன்றும் திறக்கப்பட்டது. ஆனால் கிடைத்த உரிமை, பேரவை ஏற்கும் வடிவிலான சமயத்துக்குக் கிடைத்த உரிமையே தவிர, தன் ஊர்ச் சுனையை வணங்கும் மனிதருக்கு மனிதர் என்ற முறையில் கிடைத்ததன்று. இந்தோனேசியாவில் சமய உரிமை தனிமனிதரைச் சேராமல் பட்டியலைச் சேர்ந்ததாக ஆனதற்கு, அந்தப் பட்டியலுக்காக மிகக் கடுமையாகப் போராடிய பாலியினரே அறியாமல் ஓர் அச்சாணியாயினர்.

1964-இல் பேரவை தன் பெயரிலிருந்து ‘பாலி’யை நீக்கிக்கொண்டது. இனி அது ஒரு தீவுக்கு உரியதன்று, நாடு முழுதுக்கும் உரியது. பாலிக்கு வெளியே, புகையிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் மேடான் நகரில், 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் வழிபடுவோரும் அரசின் ஏட்டில் இதே ‘இந்து’ என்ற தலைப்பின் கீழ் வந்தனர்; பாலியில் வகுத்த ஐந்து நம்பிக்கைகளும் மூன்று வேளைத் தொழுகையும் பாடநூல் வழியாக அவர்கள் பிள்ளைகளுக்கும் சென்று சேர்ந்தன.

1965 ஜனவரி 27 அன்று சுகார்னோ ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். மத இழிவுத் தடை ஆணை என்று பின்னாளில் பெயர் பெற்ற அதன் விளக்கவுரையில், இந்தோனேசிய மக்கள் தழுவும் மதங்கள் என்று ஆறு பெயர்கள் எழுதப்பட்டன: இஸ்லாம், கிறிஸ்தவம், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்பூசியம். யூதம், ஜொராஸ்டிரியம், ஷிண்டோ, தாவோயிசம் ஆகியவை தடை செய்யப்பட்டவை அல்ல என்ற குறிப்பும் இருந்தது. பாலியினர் பெயர் பட்டியலில் நான்காவது இடத்தில் பத்திரமாக இருந்தது.

சுமாத்திராவின் படாக்குகளில் ‘பர்மாலிம்’ நெறியினர், போர்னியோவின் தயாக்குகளில் ‘கஹாரிங்கான்’ நெறியினர், சுலாவெசியின் தொராஜா மலைகளில் ‘அலுக் தொடோலோ’வைக் கடைப்பிடித்தோர், மேற்கு ஜாவாவில் ‘சுந்தா விவிதான்’ வழியினர், நடு ஜாவாவின் எண்ணற்ற ஞானவழிக் குழுக்கள் ஆகிய எவர் பெயரும் இரண்டு வரிசையிலும் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் பொதுவுடைமையர் வேட்டை தொடங்கிற்று. மதம் இல்லாதவன் என்றால் இறைமறுப்பாளன், இறைமறுப்பாளன் என்றால் பொதுவுடைமையன் என்ற கணக்கில் மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். ஏதேனும் ஒரு மதத்தின் பெயரைச் சொல்லியே உயிர் பிழைக்க வேண்டிய அந்த மாதங்களில், பட்டியலுக்கு வெளியே நின்ற இந்த மக்கள் எந்தக் கதவைத் தட்டினார்கள், பாலியினர் தங்களுக்காகத் திறந்த கதவு அவர்களுக்கும் திறந்ததா?

(தொடரும்)